பொத்தான் என்று எழுதியிருந்தது

பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மூக்குக் கண்ணாடி போடுகிறவள் அல்ல. வாய்க்குள் விட்டுப் பார்க்கிற, நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி ஒன்று எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். கிளினிக்கில் பழசாகிக் கழித்துப்போட்டது. "லேசா கூசுது டாக்டர்" என்று வந்து உட்கார்ந்தவர்களின் வாயில் பதினெட்டு வருஷமாகக் குழி குழியாகப் பார்த்தவள் என்பதால், யாராவது 'லேசா' என்று ஆரம்பித்தாலே அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

பழைய சாமான் விளம்பரங்களோ அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் பிழைக்கின்றன. அதனால் சொந்தக்காரர்களில் யார் பழைய அலமாரி வாங்கினாலும் தையல் மிஷின் வாங்கினாலும் கண்ணாடியக்கா கூடப் போயாக வேண்டும். அவள் பார்க்காத பொந்து கிடையாது. "நல்லவேளை, என்னைக் கட்டிக்கும்போது அவ கையில கண்ணாடி இல்ல" என்று அவள் கணவன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வான்.

இந்தத் திறமையால் வசமாக மாட்டிக்கொண்டது அவள் மகள் குட்டிதான். குட்டிக்குப் பதினாலு வயது. மூன்று வருஷமாக வகுப்பில் மாஸ்டருடைய கிட்டாரில் பழகுகிறாள். வருகிற சனிக்கிழமை பிள்ளைகள் சேர்ந்து மேடையில் வாசிக்கிறார்கள். சொந்தக் கிட்டார் உள்ளவர்களுக்குத்தான் மேடை. இல்லாதவர்கள் கீழே உட்கார்ந்து கைதட்டலாம். புதுசு வாங்க வசதியில்லை. பழசில் நாலு பார்த்தாயிற்று, நாலையும் அம்மா தட்டிக்கழித்துவிட்டாள். 'லேசான கீறல்' என்று ஒருவன் எழுதியிருந்தது, ஷூ பாலிஷ் பூசி மறைத்த முழு விரிசல். இன்னொன்றில் கம்பிகளைத் தாங்கும் கட்டைக்கு அடியில் பஸ் டிக்கெட்டைச் செருகினாள்; டிக்கெட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கட்டை பெயர்ந்துவிட்டதென்று அப்போதே எழுந்துவிட்டாள். நாலாவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் போன வருஷம் வாங்கியதாகச் சொன்னார்கள், உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் ஏழு வருஷத்துக்கு முந்தைய தேதி இருந்தது.

"பொய் சொல்றவங்ககிட்ட எதுக்குடி வாங்கணும்?"

"கிட்டார் பொய் சொல்லலையேம்மா!" என்று குட்டி கத்திவிட்டு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. சனிக்கிழமை கிளினிக்கில் கூட்டம் அதிகம், விழாவுக்கு வர முடியாது என்று அம்மா ஏற்கனவே சொல்லியிருந்த கோபமும் அதில் சேர்ந்திருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்தாவது கிட்டாரைப் பார்க்கப் போனார்கள். விளம்பரம் இப்படி இருந்தது: "பின்பக்கம் பெட்டி இடித்து ஒரு வடு. கம்பி முறுக்குகிற சாவிகளில் நாலாவது இறுக்கம். உள்ளே ஒரு சட்டைப் பொத்தான் உருளும். மற்றபடி நல்ல பிள்ளை."

தன் சரக்கைத் தானே குறை சொல்லி விற்கிற மனிதனைக் கண்ணாடியக்கா இதுவரை கண்டதில்லை. ஏதோ பெரிய ஓட்டையை மறைக்கத்தான் சின்ன ஓட்டையைக் காட்டுகிறான் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் இரண்டு மாடி ஏறினாள்.

கதவைத் திறந்தவர் அறுபது வயதைத் தாண்டிய லாரி டிரைவர். வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறதாம். "விரல் மடங்க மாட்டேங்குதும்மா. சும்மா தூசி தின்னுட்டுக் கிடக்குது" என்று சொல்லி, துணி விரித்த மேஜைமேல் கிட்டாரை வைத்தார்.

கண்ணாடியக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கழுத்தை ஒரு கண்ணை மூடி நேர் பார்த்தாள், வளைவில்லை. குட்டியை ஒவ்வொரு கட்டமாகக் கம்பியை அழுத்தி மீட்டச் சொன்னாள், எங்கும் கரகரக்கவில்லை. பஸ் டிக்கெட் கட்டைக்கு அடியில் நுழைய மறுத்தது. வடு சொன்ன இடத்தில், சொன்ன அளவில் இருந்தது. நாலாவது சாவி சொன்னபடியே முரண்டு பிடித்தது. கடைசியாகக் கண்ணாடியை ஓரவாட்டில் திருப்பி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ளே விட்டு, போன் வெளிச்சத்தைக் காட்டினாள்.

மூலையில், குறுக்குச் சட்டத்தின் ஓரமாக அது கிடந்தது. வெள்ளையாக, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக. அவளுக்கு இரண்டாவது தடவை பார்க்க வேண்டியிருக்கவில்லை. தினமும் பார்க்கிற சமாச்சாரம்.

"என்னம்மா? பொத்தான்தானே?" என்றாள் குட்டி. குரலில் அத்தனை கெஞ்சல். ஆமாம் என்று சொன்னால் வேலை முடிந்தது. கிட்டாரை எடுத்துக்கொண்டு படி இறங்கலாம், சனிக்கிழமை பிள்ளை மேடை ஏறலாம். அவளுக்கு நிஜமாகவே சொல்லிவிட ஆசையாக இருந்தது. ஆனால் பதினெட்டு வருஷத்துப் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் விடுமா?

"அண்ணே, நீங்க எழுதினதுல ஒண்ணு மட்டும் தப்பு. இது பொத்தான் இல்ல."

கிட்டாரைக் கவிழ்த்து, கண்ணாடிக் காம்பால் நெம்பி, குலுக்கி, உள்ளங்கையில் விழ வைத்தாள். "பால் பல்லு. கீழ் முன்பல்லு. வேர் கரைஞ்சிருக்கு பாருங்க, தானா விழுந்தது. முதல்ல விழற பல்லு பெரும்பாலும் இதுதான்."

டிரைவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் வெளியூரில் இருக்கும் தன் மகளுக்குப் போன் போட்டார். காது மந்தம் என்பதால் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார், எல்லோருக்கும் கேட்டது.

"அட, அது என் பல்லுப்பா! நாந்தான் உள்ள போட்டேன்!" ஒரே சிரிப்பு.

"பல்லைக் கொண்டுபோய் அதுல ஏன்டா போட்ட?"

"நீங்க லோடு எடுத்துட்டுப் போயிருந்தீங்க. வந்ததும் கிட்டாரைத்தானே எடுப்பீங்க. உள்ள என்னமோ சத்தம் கேக்குதேன்னு பாப்பீங்க, அப்புறம் என் வாயைத் திறந்து பாப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க பாக்கவே இல்ல. நானும் மறந்துட்டேன்."

டிரைவர் உள்ளங்கையில் இருந்த பல்லை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். "சத்தம் கேட்டுதுடா," என்றார். "என் சட்டைப் பொத்தான்னு நெனச்சிட்டேன்."

இனி இந்த மனிதர் கிட்டாரை விற்கவா போகிறார்! குட்டியின் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடியக்காவுக்குத் தன் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா?

"யாருக்குப்பா குடுக்குறீங்க?" என்றது போன்.

"ஒரு சின்னப் பொண்ணு."

"நல்லா வாசிப்பாளா?"

டிரைவர் நிமிர்ந்து குட்டியைப் பார்த்தார். "வாசிப்பியாம்மா?"

குட்டி கிட்டாரை மடியில் எடுத்துவைத்து, முரட்டுச் சாவியைச் சரிசெய்து, சனிக்கிழமைக்கான பாட்டை வாசிக்க ஆரம்பித்தாள். பழக்க தோஷத்தில் கண்ணாடியக்கா ஏதாவது கம்பி கரகரக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றாள். பாதியில் அதை மறந்துபோனாள். இந்த விரல்களுக்கா தினமும் நகம் வெட்டச் சொல்லிக் கத்துகிறோம் என்று இருந்தது. வகுப்பு நேரமும் கிளினிக் நேரமும் ஒன்று. வீட்டில் கிட்டாரே கிடையாது. மூன்று வருஷத்தில் தன் பிள்ளை ஒரு முழுப் பாட்டு வாசித்து அவள் கேட்டதே இல்லை. கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

பாட்டு முடிந்ததும் போனிலிருந்து கைதட்டல் கேட்டது. "பல்லை நீங்க வச்சுக்குங்கப்பா. கிட்டாரை அவளுக்குக் குடுத்துடுங்க."

டிரைவர் பல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பையின் பொத்தானையும் மாட்டினார். "பிரமாதம்மா உங்க பொண்ணு. எத்தனை நாளா இப்படி வாசிக்குது?"

"தெரியலண்ணே," என்றாள் கண்ணாடியக்கா. "நானும் இப்பதான் கேக்குறேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் கிட்டாரை நடுவில் நிறுத்தி, ஆளுக்கொரு கை பிடித்துக்கொண்டார்கள். மூன்று நிறுத்தம் தாண்டியது. பிறகு அம்மா போனை எடுத்து, டாக்டரிடம் சனிக்கிழமை லீவு கேட்டாள்.

"நிஜமா வருவியா?" என்றாள் குட்டி.

"வருவேன்டி."

"வா. ஆனா கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வா."