செக்கிங் மேசையில் ஒரு சாட்சி

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை என்றால், கண்ணில் பட்ட குறையைச் சொல்வது; சொன்னால் தைத்தவளுக்குக் கோபம், சொல்லாவிட்டால் சூப்பர்வைசருக்குக் கோபம். அந்த மேசையில் நின்றவர்களுக்கு என் பாடு புரியும்.

சொல்ல ஒன்றுமில்லை

எங்கள் ஊர் நெருப்பெரிச்சலில், சபையில் ஞாயிறுதோறும் சாட்சி சொல்லச் சொல்வார்கள். ஆண்டவர் நமக்குச் செய்ததை எழுந்து சொல்வதுதான் சாட்சி. ஒருத்திக்குச் சுகர் குறைந்திருக்கும், ஒருத்தி மகனுக்கு வேலை கிடைத்திருக்கும். வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து, கட்டிக்கொடுத்த மகளும் போன் எடுக்காத நான் எதைச் சொல்வது? குனிந்தே இருப்பேன். பக்கத்து அக்கா இடித்தார்:

"பஸ்ஸுல சீட்டு கெடச்சுதுன்னாவது சொல்லு ரூபி!"

கழற்றிய கார்டு

ஷிப்மெண்ட் அவசரம். வேகமாகத் தைக்கலாம் என்று, ஓவர்லாக் மிஷினில் விரலைக் காக்கும் கார்டைச் சூப்பர்வைசர் கழற்றச் சொன்னார். மதியத்துக்குள் அதில் தைத்த தங்கமணியின் விரலில் ஊசி இறங்கிவிட்டது. அவளாகவே கழற்றினாள், ஆஸ்பத்திரிச் செலவு அவளுடையது என்று பேச்சானது. ஆபீசில் விசாரித்தபோது லைனில் ஒருவரும் பார்க்கவில்லையாம். என் மேசை நேர் எதிரே. சூப்பர்வைசரைக் காட்டி, "இவர் கழட்டச் சொன்னதை நான் பாத்தேனுங்க" என்றேன். வெளியே வந்ததும் சூப்பர்வைசர் சொன்னார்:

"ஓட்டையத் துணியில பாருங்கக்கா, எங்க மேல பாக்காதீங்க."

பாஸ்டர் சொன்ன அர்த்தம்

அதன்பின் மதியச் சாப்பாட்டில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வேலை போய்விடுமோ என்று தூக்கமும் இல்லை. பாஸ்டரிடம் அழுதேன். புதிய ஏற்பாடு எழுதிய கிரேக்க மொழியில், சாட்சி என்ற சொல் முதலில் பார்த்ததை வழக்கில் சொல்பவரைத்தான் குறித்தது என்றார். பிற்பாடு, சொன்னதை மாற்றாமல் விசுவாசத்துக்காக உயிரை விட்டவர்களுக்கும் அதே சொல் ஆனதாம்; அவர்களைத்தான் நாம் இரத்தசாட்சி என்கிறோமாம். அப்போது எனக்கும் அந்தக் கதிதானா என்று கேட்டேன். பாஸ்டர் சிரித்துவிட்டார்:

"பயப்படாதீங்கம்மா, நீங்க மொத அர்த்தத்தோட நிறுத்திக்கலாம்."

காலி இடம்

கடைசியில் செலவைக் கம்பெனியே ஏற்றது. தங்கமணி கட்டுப் போட்ட விரலோடு வேலைக்கு வந்தாள். மதியம் அவளுக்கு இடம் விட்டு, டிபன் பாக்ஸைத் திறக்காமல் காத்திருந்தேன். அவள் மற்றவர்களோடு போய் உட்கார்ந்தாள். கை கழுவும் இடத்தில் மட்டும் பக்கத்தில் வந்து, தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, உங்ககூட உக்காந்தா நாந்தான் சொல்லச் சொன்னேன்னு ஆயிருமுங்க."

அந்த ஞாயிறன்று முதல் ஆளாக எழுந்து, கம்பெனி பஸ்ஸில் சீட்டு கிடைத்தது என்று சாட்சி சொன்னேன். பக்கத்து சீட்டும் காலியாகவே வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.