இரகசியம் காத்த சிவப்புக் குடை

பெப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். முற்றம் கூட்டினேன், கிணற்றில் தண்ணீர் அள்ளி வைத்தேன், தேநீர் குடித்தேன், நாட்குறிப்பில் முந்திய நாளை எழுதி முடித்தேன். எட்டு மணிக்குச் சந்தைக்கென்று படியிறங்கிய நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மார்கழியில் மட்டக்களப்பை முக்கியெடுத்தது போதாதென்று, மறந்துபோன சாமானை எடுக்க வருகிற விருந்தாளியைப்போல மாசியிலும் ஒருமுறை அது எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

அலுமாரியின் மேல்தட்டில் கறுப்புக் குடையைத் தேடினேன். என் வீட்டில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இருக்கும். இந்தக் குணத்தினால்தான் உறவினர்கள் யாரும் என் வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் தங்குவதில்லை. கறுப்புக் குடைக்குப் பின்னால், பூச்சி உருண்டை மணத்தோடு, இன்னொரு குடை கிடந்தது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்தது. இப்போது வெளுத்த செம்பருத்தி நிறம். விரித்தேன். ஒரு பக்கத்து எழுத்தெல்லாம் உதிர்ந்து, மறுபக்கத்தில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது: ‘உள்ளவரை’.

நான் நின்ற இடத்திலேயே சிரித்தேன். சந்தைக்குப் போகவில்லை. ஏனென்று சொல்கிறேன், கேளுங்கள்.

பல வருடங்களுக்கு முன்னால் நான் ஒரு திட்டத்தில் கள ஆய்வாளராக இருந்தேன். எச்.ஐ.வி. தடுப்பும் சமூக ஒதுக்கலும் பற்றிய ஆய்வு. ஊரில் ஏற்கெனவே ஓரமாய் நிற்கிறவர்களைத் தேடிப் போய், ‘உங்களை யாராவது ஓரமாய் நிறுத்தினார்களா?’ என்று கேட்பதுதான் வேலை. பாசிக்குடா ஹோட்டல்களில் அறை கூட்டுகிற பெண்கள், திருநங்கைகள், வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து திரும்பியவர்கள் என்று பலர். ஒவ்வொரு பேட்டிக்கும் முன்னால், ‘நீங்கள் பங்கேற்றது ஒருவருக்கும் தெரியவராது’ என்று ஒரு பந்தியை நான் உரக்க வாசிக்க வேண்டும். உரக்க வாசிக்க வேண்டும் என்பது மேலிடத்து அறிவுறுத்தல். வேலிக்கு அப்பால் நின்றவர்களும் கேட்டுப் பயனடைந்தார்கள்.

பேட்டி முடிந்ததும் ஒரு அன்பளிப்பு. தண்ணீர்ப் போத்தலா, கைப்பையா என்று கொழும்பிலே மூன்று கூட்டம் கூடி, இறுதியில் குடை என்று தீர்மானித்தார்கள். மழைக்கும் ஆகும், வெயிலுக்கும் ஆகும். மாவட்டத்தில் வேறெவரிடமும் இல்லாத கடும் சிவப்பு. அதில் வெள்ளை எழுத்தில், ‘எச்.ஐ.வி. உள்ளவரை ஒதுக்காதீர்’. ஆக, யார் பங்கேற்றார் என்று ஒருவருக்கும் தெரியாது. குடை பிடித்தால் மட்டும் தெரியும்.

வாசகம் நீளம், குடை வட்டம். அச்சடித்தவர் அதை இரண்டாக வெட்டி, ‘எச்.ஐ.வி. உள்ளவரை’ என்று ஒரு பக்கமும் ‘ஒதுக்காதீர்’ என்று நேரெதிர்ப் பக்கமும் போட்டுவிட்டார். அச்சுக்குப் போகுமுன் சந்திப்பிழை பார்த்துக் கொடுத்தது நான்தான். பிழையே இல்லை. சிரித்ததெல்லாம் ஊர்ச் சந்திதான்.

மாலினி எனக்கு அறிமுகமானது அப்போதுதான். திருநங்கை, என்னைவிட நாலைந்து வயது இளையவள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு கிராமத்தின் பஸ் தரிப்பிடத்தில் காலையில் இடியப்பம் விற்றாள். ஊர் அவளை ஏற்றுக்கொள்ள வருடக்கணக்கில் ஆனதாம். முதலில் அவளுடைய சம்பலை ஏற்றுக்கொண்டார்கள், பிறகு சொதியை, கடைசியில் ஆளை. முதற்சுற்றுப் பேட்டியில், ‘உங்களிடம் பொருள் வாங்க மறுத்தார்களா?’ என்ற கேள்விக்கு அவள், “இல்ல மிஸ், ஏழு மணிக்குப் பிறகு வந்தா உங்களுக்கே கிடையாது” என்றாள். ‘ஒருபோதும் இல்லை’ என்று குறித்துக்கொண்டேன். குடையைக் கொடுத்தேன். அவளுடைய தட்டிக் கடைக்கு மேல் கட்டியிருந்த சாக்கு கிழிந்திருந்தது. அன்றே குடையைத் தடியில் கட்டிவிட்டாள்.

‘எச்.ஐ.வி. உள்ளவரை’ வீதியைப் பார்த்தது. ‘ஒதுக்காதீர்’ வாவியைப் பார்த்தது. வாவி மீன்கள் அறிவுரையை ஏற்று அவளை ஒதுக்கவில்லை.

இரண்டாம் சுற்றுக்கு நான் போனபோது ஒன்பது மணி. இடியப்பம் தட்டுத்தட்டாய்க் கிடந்தது. எதிரே ஓட்டோவில் இருந்த சிவா, தினமும் அவளிடம் சாப்பிட்டவன், கடையில் வாங்கிய பாண் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“குடையத் திருப்பிக் கட்டிப் பாத்தன் மிஸ்” என்றாள் மாலினி. “‘ஒதுக்காதீர்’ எண்டு றோட்டப் பாத்திச்சு. ஆர ஒதுக்க வேணாமாம் எண்டு ஒவ்வொருத்தரா வாவிப் பக்கம் போய் எட்டிப் பாத்துட்டு வாறாங்க.”

“அப்ப கழற்றிவிடன்.”

“கழட்டினா உண்மைதான் போல எண்டுவாங்க.”

“உனக்கு அப்படி ஒன்றும் இல்லையென்று சொன்னால் என்ன?”

தட்டைத் துணியால் மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். “இருக்கு எண்டும் சொல்ல மாட்டன், இல்ல எண்டும் சொல்ல மாட்டன். இல்லையெண்டு சொல்லி நான் வித்தா, உள்ள ஆக்கள் என்னத்தச் சொல்லி விக்கிற?”

என் கேள்வித்தாளில் இதற்குக் கட்டம் இல்லை. ‘வாங்க மறுத்தார்களா?’ என்பதற்கு ‘அடிக்கடி’ என்று குறித்தேன்.

பணிப்பாளருக்கு அந்தத் தாள் மிகவும் பிடித்துப்போயிற்று. “வெரி குட். முதல் சுற்றில ஒண்டும் வரேல்ல. இப்பதான் டேட்டா பேசுது” என்றார். தேடிப் போனது கிடைக்காத இடத்தில் அதை நாங்களே பயிரிட்டு அறுவடையும் செய்தோம் என்று அவரிடம் சொல்ல முயன்றேன். மிச்சக் குடைகளை ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டால் ஒருவரையும் பிரித்தறிய முடியாதே என்றும் கேட்டேன். “குடை பங்கேற்பாளருக்கு மட்டும், மிஸ். கணக்குப் பார்க்கிற ஓடிட்டில பிடிப்பாங்கள்.” மிச்சக் குடைகள் பெட்டியிலேயே இரகசியம் காத்தன.

திட்டத்தின் நிறைவு விழா பாசிக்குடாவில், கடல் பார்த்த மண்டபத்தில். பேட்டி கொடுத்தவர்களில் ஒருவர் மூன்று நிமிடம் பேசுவது என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. மாலினி நீலச் சேலை உடுத்து, பேச்சை மனப்பாடம் செய்து வந்திருந்தாள். ஒதுக்கப்பட்டவர்களின் குரலுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று பிரதம அதிதி நாற்பது நிமிடம் பேசினார். அதற்குப் பின்னால் வந்தவர்களும் அதையே வலியுறுத்தினார்கள். ஒதுக்கப்பட்டவர்களின் குரலுக்கு நேரம் மிஞ்சவில்லை. சாப்பாடு ஆறிவிடும்.

சாப்பிட்டு முடிய மழை அடித்து ஊற்றியது. மண்டபத்துக்கும் வாகனங்களுக்கும் நடுவே நல்ல தூரம். அதிதிகள் வாசலில் முண்டியடித்து நின்றார்கள். காட்சிக்கென்று கொண்டுவந்த குடைப் பெட்டிகள் வாசலோரம் இருந்தன. மாலினி சேலையைச் செருகிக்கொண்டு ஒரு பெட்டியைக் கிழித்தாள்.

“சேர், வெள்ளைச் சேட்டு நனையப் போகுது. இந்தாங்க.”

பிரதம அதிதி வாங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கை நீட்டினார்கள். “எனக்கு ஒன்று.” “மிஸிஸுக்கும் சேர்த்து இரண்டு தாங்க.” பணிப்பாளர் ஓடிட்டை மறந்து தானும் ஒன்றை விரித்தார். நானும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். சிவப்புக் குடைகள் வரிசையாக மழையில் போயின. ஒவ்வொன்றின் முதுகிலும் ‘எச்.ஐ.வி. உள்ளவரை’. விழாவுக்கு வந்த படப்பிடிப்பாளர் நல்ல தொழிலாளி. பின்னால் நின்று எடுத்தார். இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையில் கால் பக்கத்துக்கு வந்தது.

அதற்கு மறுநாள் நான் கிராமத்துக்குப் போனேன். வேலை ஒன்றும் இல்லை, பசிதான். மாலினி அந்தப் பக்கத்தை வெட்டித் தடியில் ஒட்டியிருந்தாள். சிவா அதன் முன்னால் நின்றான்.

“இவ்வளவு பெரிய ஆக்களுக்குமா மாலினியக்கா?”

“எழுதிக் கிடக்குத்தானே மனே. வாசி.”

“பகிடி விடாதகா.”

“இஞ்ச பார். ட்ரைவர் கதவத் திறந்து விடுறான். இந்தப் பக்கம் ஒராள் கை குடுக்குது. இவங்கள ஆரும் ஒதுக்கினாங்களா? எனக்கிட்ட பத்து இடியப்பம் வாங்க உனக்கு மட்டும் என்ன கேடு?”

சிவா தலையைச் சொறிந்தான். பிறகு, “சொதி இருக்கா?” என்றான்.

அப்படித்தான் திரும்பினார்கள். ஒருவர் பின் ஒருவராக, ஒன்றுமே நடக்காததுபோல. எல்லாரும் இல்லை. தினமும் பார்சல் கட்டிக்கொண்டு போன ஒரு ஆசிரியர் கடைசிவரை வரவில்லை. பாடசாலையில் சுகாதாரம் படிப்பித்தவர்.

இப்போது அந்தத் திட்டமும் இல்லை, அலுவலகமும் இல்லை. அந்த இடத்தில் மணப்பெண் அலங்காரக் கடை இருக்கிறது. பணிப்பாளர் காலநிலை மாற்றத்துக்குப் போய்விட்டார். எங்கள் அறிக்கையைப் பிறகு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. குடைகளை வெகுகாலம் செத்தவீடுகளிலும் வயல் வட்டைகளிலும் கண்டேன். பிறகு அவையும் கம்பி முறிந்து காணாமற்போயின. வீதியை அகலப்படுத்தியபோது மாலினியின் தட்டிக் கடையும் போயிற்று. மருந்தெடுக்கத் தன் ஊர் ஆஸ்பத்திரியைத் தாண்டி அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுகிறவர்கள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள்.

மழை விட்டதும் மாலினிக்குத் தொலைபேசி எடுத்தேன். பழைய சிவப்புக் குடை கிடைத்ததைச் சொன்னேன்.

“தாங்க மிஸ் அத” என்றாள் உடனே. “சித்தாண்டியில ஒரு இடம் கிடைச்சிருக்கு. வியாழக்கிழமை தொடங்கிறன்.”

“புது ஊர். எதற்கு வம்பு? நல்ல குடை ஒன்று வாங்கித் தருகிறேன்.”

“நல்ல குடை எனக்கிட்டயும் இருக்கு. அந்தச் சிவப்பப் புடிச்சாத்தான், ஆரு வருவாங்க, ஆரு வரமாட்டாங்க எண்டு முதல் நாளே தெரிஞ்சிரும். போன ஊருல அதுக்கு எவ்வளவு வருசம் போச்சு.”

“எழுத்தெல்லாம் போய்விட்டது, மாலினி. ‘உள்ளவரை’ மட்டும்தான் இருக்கிறது.”

“அப்ப எழுதித் தாங்க. இந்தமுற முழுசையும் ஒரே பக்கத்தில எழுதுங்க.”

புதன்கிழமை காலை, முற்றம் கூட்டுமுன், தேநீருக்கு முன், யன்னலுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயின்ற் டின்னைத் திறந்தேன். ‘உள்ளவரை’க்கு முன்னால் ‘எச்.ஐ.வி.’ என்று, புள்ளி தவறாமல் எழுதினேன். பின்னால் இடம் போதவில்லை. ‘ஒதுக்காதீர்’ ஒரு கம்பியைத் தாண்டி வளைந்து போயிற்று. ஆனாலும் அதே பக்கந்தான். சந்திப்பிழை பார்த்தேன். பிறகு எழுந்து, குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, வீதியில் நின்று வாசித்துப் பார்த்தேன்.