போட்டுக்கு ஒரு பூ

ராஜபாளையத்தில் மோட்டார் உதிரி சாமான் கடை வைத்திருந்தேன். கிணற்று மோட்டார், டிராக்டர், லாரி, மாவு மில் என்று எதற்கும் சாமான் கொடுப்பேன். கடையில் இல்லாததற்கு "நாளைக்கு வந்துரும்" என்பேன். அது எந்த நாளை என்று வாங்க வந்தவரும் கேட்கமாட்டார், நானும் சொல்லமாட்டேன். இப்படி கௌரவமாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில், கடலே இல்லாத ஊரில் ஒரு படகுக்குச் சாமான் தேடும்படி ஆயிற்று. அப்படித் தேட வைத்த புண்ணியவானும் நான்தான்.

படகு என் நண்பனுடையது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வளைகுடாவில் ஒரு கடற்கரை ஓட்டலில் பத்து வருஷத்துக்கு மேல் படகு ஓட்டினான். படகின் பின்னால் நீளமாக ஒரு கயிறு இருக்கும். அதன் நுனியைப் பிடித்தபடி, காலில் இரண்டு பலகைகளை மாட்டிக்கொண்டு, வெள்ளைக்காரர்கள் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வருவார்களாம். ஸ்கீயிங் என்பார்கள். எண்பதுகளின் கடைசியில் ஊர் திரும்பியபோது எல்லோரையும் போல டேப் ரிக்கார்டரும் செண்ட்டும் கொண்டுவந்தான். ஊர் சமாதானமாக இருந்தது. இரண்டு வருஷம் கழித்துக் கொச்சிக்குப் போய் ஒரு பழைய ஸ்கீ போட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் பஞ்சு குடோனில் நாலு லாரி டயரின் மேல் உட்காரவைத்தான். அதன்பிறகு அவனுக்குப் பேய்தான் பிடித்திருக்கிறது என்று தெருவில் முடிவு செய்துவிட்டார்கள்.

"எதுக்குல இது?" என்று நானும் கேட்டேன்.

"அம்புட்டு வருசமும் அடுத்தவனைத்தான் இழுத்தேன் மாப்ளே. ஒரே ஒரு தடவ என்னைய ஒருத்தன் இழுக்கணும்."

"அங்கனயே இழுக்கச் சொல்லிருக்கலாமேலே?"

"டிரைவர் பலகையில ஏறக் கூடாது. ரூல்சு."

அவன் சிரிக்காமல் சொன்னதால் எனக்கும் கிண்டல் வரவில்லை. எனக்குக் கிண்டல் வராமல் போவது அபூர்வம்.

அந்த வருஷம் மழை தாராளம். மம்சாபுரம் பக்கம் ஒரு கண்மாய் பல வருஷத்துக்குப் பின் கரை தொட்டு நின்றது. மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மிஞ்சினால் ஒரு மாதம். அதற்குப் பிறகு படகு விடத் தோதுப்படாது. அதற்குள் படகை ஓட்டிவிட வேண்டும் என்று, ஒரு சாயங்காலம் எஞ்சினைப் பார்க்க என்னைக் கூப்பிட்டான்.

அவன் டீ வாங்கப் போயிருந்தான். நான் படகில் ஏறி உட்கார்ந்தேன். சாவி அதிலேயே இருந்தது. சாவி இருந்தால் திருகிப் பார்க்கத்தானே தோன்றும்? திருகினேன். எஞ்சின் சிங்கம் மாதிரி உறுமியது. நானும் ஆக்சிலேட்டரைக் கூட்டிக் கூட்டி ரசித்துக்கொண்டிருந்தேன். ரப்பர் கருகும் நெடி வந்ததும், எங்கேயோ பக்கத்து வீட்டில் டயர் கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன்.

தூக்குச்சட்டியோடு ஓடி வந்தான். பதறினால் அவனுக்கு வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். "ஒரேய், ஆப்புரா! ஆப்புரா!"

நிறுத்தினேன். "ஸ்டார்ட் ஆயிருச்சு மாப்ளே!" என்றேன், ஏதோ நானே எஞ்சினைக் கண்டுபிடித்த மாதிரி.

"தண்ணி விட்டியா?"

"போட்டுக்கு எதுக்குல தண்ணி விடணும்? அது தண்ணியிலதான ஓடப்போகுது?"

அவன் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தான். பிறகுதான் விளங்கியது. லாரிக்குச் சொந்தமாக ரேடியேட்டர் உண்டு. அந்தப் படகோ கண்மாயையே ரேடியேட்டராக வைத்துக்கொள்ளும் ஜாதி. ஓட ஓட வெளித் தண்ணீரை உறிஞ்சித்தான் எஞ்சினைக் குளிர வைக்கும். உறிஞ்சுவது ஒரு சின்ன ரப்பர் சக்கரம். நடுவில் ஓட்டை, சுற்றிலும் ஆறு இதழ்கள். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் ஓரிரு நிமிஷத்தில் இதழ்கள் தேய்ந்து பிய்ந்துவிடும். கழற்றிப் பார்த்தோம். நாய் கடித்த செருப்பு மாதிரி இருந்தது.

திட்டியிருந்தால் தேவலை. "டீ ஆறிருச்சு, சுட வச்சுட்டு வாரேன்" என்று எழுந்து போனான்.

மறுநாளிலிருந்து பிய்ந்த சக்கரம் என் சட்டைப் பையில்தான். அதற்குப் பெயர் இம்பெல்லர் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை. எங்கள் பக்கத்தில் இம்பெல்லர் என்றால் கிணற்று மோட்டாரில் உள்ள இரும்புச் சக்கரம். யாரிடம் கேட்டாலும் அதைத்தான் எடுத்து நீட்டினார்கள். என் கடையிலேயே அது நாற்பது கிடந்தது. மதுரையில் ஒருவர் என்னை உட்காரவைத்து, இம்பெல்லரை ரப்பரில் செய்தால் ஏன் தாங்காது என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தார். கடைசியில், சென்னையில் ஒரு கம்பெனிக்குச் சக்கரத்தைப் படம் வரைந்து அனுப்பினேன். எப்படியும் ரெண்டு மாசம் ஆகும் என்று பதில் வந்தது.

தூத்துக்குடியில் படகுச் சாமான் கடைகள் இருக்கின்றன என்று எஸ்டிடி பூத்துக்குப் போனேன். லைனில் ஒரே இரைச்சல்.

"போட்டு பார்ட்டு வேணும்!" என்று கத்தினேன்.

"என்னது, போட்டுப் பாத்து வேணுமா?"

"ஆமா, போட்டு பார்ட்டு!"

"போட்டுப் பாத்து வாங்குததுக்கு இது என்ன சட்டைக் கடையால? வைல போன!"

பூத்துக்காரர் சிரிப்பை அடக்க மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் கண்மாய் இறங்கிக்கொண்டே இருந்தது. நண்பன் தினமும் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பும்போது என் கடையில் செத்த நேரம் உட்காருவான். "இன்னைக்கு இன்னொரு படி தெரியுது" என்பான்.  மடைக்குப் பக்கத்தில் இருந்த கல்படியைத்தான் சொல்கிறான். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, அந்தப் படிகள் ஒவ்வொன்றும் என் தலைமேலேயே ஏறுகிற மாதிரி இருக்கும். ஒருத்தனுடைய பத்து வருஷ ஆசையை நான் ரெண்டு நிமிஷத்தில், அதுவும் ரசித்து ரசித்துக் கருக்கியிருக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னதாகப் பால் பண்ணை வைத்திருந்த ஒருவர் பெல்ட் வாங்க வருவார். அன்றைக்கும் வந்தார். மேஜைமேல் நான் எடுத்து வைத்திருந்த பிய்ந்த சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி, எங்க பால் பம்புப் பூவ எதுக்கு இந்தக் கதி பண்ணி வச்சிருக்கீய?"

"என்னது?"

"பூவு. தொட்டியில இருந்து பால இழுத்துவிடுதுல்ல, அந்தப் பம்புல உள்ளது. எங்களது வெள்ள. இது என்ன கருப்பா இருக்கு?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். தூத்துக்குடி வரை கத்திவிட்டு வந்தவனுக்கு, சாமான் பக்கத்து ஊரில் வேறு பெயரில் இருந்திருக்கிறது. தினமும் கழற்றி வெந்நீரில் கழுவி மாட்டுகிறவர்கள் அதைப் பார்த்து இம்பெல்லர் என்று எப்படிச் சொல்வார்கள்? இதழ் இருக்கிறது, பூ. இத்தனை வருஷம் கடை நடத்தியும், ஒரு சாமான் என்ன என்பதைவிட அதை யார் என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று விசாரிக்க வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதுவும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பூ கிடைக்கிறது என்பதை ஒருவர் வந்து சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவரிடம் உபரியாக இருந்தது ஒன்றே ஒன்று. அளந்து பார்த்தால் சுற்றளவு சரி, பருமன் மட்டும் ஒரு நூல் கம்மி. பின்னால் பித்தளைத் தகடு வைத்தால் போதும். கதையைச் சொன்னேன். யோசித்தார்.

"தாரேன். ஆனா என் பம்புல உள்ளது போச்சுன்னா, அந்த நிமிசமே கழத்திக் குடுத்திரணும். பால் காத்திருக்காது."

"கண்மாய்த் தண்ணியில ஓடுனத மறுபடி பால்லயா போடுவீய?"

"அந்தக் கண்மாய்த் தண்ணியக் குடிச்ச மாட்டுப் பாலத்தான அண்ணாச்சி ஊத்துதாவ? கொதிக்க வச்சுக்கிடுவேன்."

பூவைப் படகில் மாட்டினோம். டிராக்டரில் கட்டிக் கொண்டுபோய்க் கண்மாயில் இறக்கினோம். படகு ஓட்ட ஒரு சாயங்காலம் முழுக்க நண்பன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். "கண்மாய்க்குள்ள கருவ மரம் நிக்குது. நீ முன்னாலதான் பாக்கணும். என்ன நடந்தாலும் திரும்பாத" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான்.

மறுநாள் காலையில் பலகையை மாட்டிக்கொண்டு இறங்கினான். முதல் தடவை இழுத்ததும் குப்புற விழுந்தான். ரெண்டாவது தடவை மல்லாக்க விழுந்தான். பத்து வருஷம் வெள்ளைக்காரர்கள் விழுவதைப் பார்த்தவன், ஒரு வகை பாக்கி வைக்காமல் விழுந்தான். மூன்றாவதுக்குக் கயிற்றைப் பிடித்தபோது கரையில் மொபெட் சத்தம் கேட்டது. பால் பண்ணைக்காரர்.

"அண்ணாச்சி, பூவு போச்சு! பால வாளியில மோந்து ஊத்திட்டு இருக்காவ!"

நண்பன் நெஞ்சளவு தண்ணீரில் நின்றான். என்னைப் பார்த்தான், கரையைப் பார்த்தான். பிறகு கயிற்றை விட்டான். "கழத்து மாப்ளே" என்றான்.

எனக்கு எஞ்சினை நிறுத்தக் கை வரவில்லை. பண்ணைக்காரர் மொபெட்டை ஸ்டாண்டு போட்டார்.

"இன்னும் நிக்கவே இல்லையா அவிய?" என்றார் என்னிடம்.

"இல்ல."

"அப்ப ஒரு ரவுண்டு போங்க. அஞ்சு நிமிசத்துல பால் திரிஞ்சா போயிரும்?"

கிளப்பினேன். கருவ மரங்களைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. படகு ஒரு நொடி திணறி, பின் சட்டென்று இலேசானது. கயிறு அறுந்துவிட்டதோ, மறுபடி விழுந்துவிட்டானோ என்று பயம். ஆனாலும் திரும்பவில்லை. மடை வரை போய் வளைத்து, எதிர்க் கரை வரை போய், மறுபடி வளைத்துக்கொண்டு வந்தேன். கரைக்குப் பக்கத்தில் எஞ்சினைக் குறைத்தபோதுதான் பின்னால் 'தொப்' என்று சத்தம் கேட்டது.

அவன் இருமிக்கொண்டே படகைப் பிடித்து ஏறினான். துவட்டக்கூட இல்லை. ஸ்பானரை எடுத்துச் சூட்டோடு சூடாகப் பம்பைக் கழற்ற ஆரம்பித்தான்.

"நின்னானா?" என்று பண்ணைக்காரரைக் கேட்டேன். பார்த்தது அவர் ஒருவர்தானே.

"நின்னாவளாவா? மடையத் தாண்டும்போது எனக்குக் கை ஆட்டுனாவல்ல!"

"அது உங்களுக்கு இல்ல அண்ணாச்சி" என்றான் நண்பன், குனிந்தபடியே. "கை தூக்குனா நிறுத்துன்னு அர்த்தம். பால் நெனப்பு வந்திருச்சு, போதும்னு தூக்குனேன். இந்தப் பயதான் திரும்பிப் பாக்காம எதிர்க்கரை வரைக்கும் கொண்டுபோயிட்டான்."

"நீதானல திரும்பாதன்னு சொன்ன?"

அவன் பம்பின் மூடியைத் திறந்தான். பூவைக் கண்மாய்த் தண்ணீரில் அலசி, தன் துண்டில் சுற்றிப் பண்ணைக்காரர் கையில் கொடுத்தான். விரல் நுனிகள் சூட்டில் சிவந்திருந்தன.

"துண்ட பொறவு குடுங்க, அவசரமில்ல" என்றான். மொபெட் கரை இறங்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றான். பல்லெல்லாம் குளிரில் தந்தியடித்தது. அப்படியும் சிரித்துக்கொண்டே இருந்தான்.