மடு றோட்டில் மடு இல்லை: மன்னார்ப் பாதையில் சில நிலையப் பெயர்கள்

கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கே போகும் பாதையின் நிலையப் பெயர்களைப் பற்றி முன்பு இங்கே எழுதியிருந்தேன். அதைப் படித்த சிலர் மன்னார்ப் பாதையைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். நானும் இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். போன மாதம் என் மனைவியின் மூத்த சகோதரி றெஜினா இந்தியாவிலிருந்து திரும்பி வந்தார். தொண்ணூறாம் ஆண்டு படகில் போனவர், அதன்பின் முகாம் வாழ்க்கைதான். அவரைச் சொந்த ஊரான பேசாலைக்குக் கூட்டிப் போகவேண்டியிருந்தது. மனைவிக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. போகிற வழியில் பெயர்களையும் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் புறப்பட்டேன்.

கோட்டையில் காலை வண்டி ஏறினோம். தலைமன்னார் வரை போகும் வண்டி, இரண்டாம் வகுப்பு. வலது பக்க ஜன்னல் கிடைத்தால் பிற்பகல் வெயிலிலிருந்து ஓரளவு தப்பலாம். மதவாச்சியில் வண்டி வடக்குப் பாதையை விட்டு மேற்கே திரும்புகிறது. அந்தப் பெயருக்கு உறுதியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. பிறகு வரும் செட்டிகுளம், செட்டிமார் வெட்டுவித்த குளத்தால் வந்த பெயர் என்பார்கள்.

மச்சாள் றெஜினா அதிகம் பேசாதவர். நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். செட்டிகுளம் தாண்டியதும் என் வழக்கமான பகிடியைச் சொன்னேன்: "அடுத்தது மடு றோட். ஆனா அங்க மடு இல்லை, மச்சாள். கோயில் கிட்டத்தட்டப் பன்னிரண்டு கிலோமீற்றர் உள்ளுக்க. கோயிலுக்குப் போற றோட்டு தொடங்கிற இடம், அவ்வளவுதான். தெரியாத சனம் இறங்கிப்போட்டு முழிச்சுக்கொண்டு நிக்கும்."

அவர் சிரிக்கவில்லை. வெளியே பார்த்தபடியே சொன்னார்: "எனக்குத் தெரியும் தம்பி. நான் இரண்டு நாள் அந்த ஸ்டேசனில நிண்டனான்."

வண்டி நிலையத்தை நெருங்கும் முன் அவர் சொல்லி முடித்ததை இங்கே சுருக்கமாகத் தருகிறேன். எழுதுவதற்கு அவரிடம் அனுமதி கேட்டேன். பெயரை மட்டும் மாற்றாமல் எழுதச் சொன்னார்.

சண்டை தொடங்கியபோது அவர் வவுனியாவில் மாமி வீட்டில் இருந்தார். கலியாணமாகி ஒரு வருடம். கணவர் மரியதாஸ் முருங்கனில் அரிசி ஆலையில் வேலை. பாதைகள் அடைபட்டன, றெயிலும் நின்றுவிட்டது. லொறிக்காரர் ஒருவர் மூலம் மரியதாஸ் சொல்லியனுப்பினார்: "மடுவுக்கு வரச் சொல்லுங்கோ. நான் அங்க நிப்பன்." கலியாணம் பேசிய நாளில், ஆவணித் திருவிழாவுக்கு வந்த இரண்டு குடும்பமும் முதலில் சந்தித்தது மடு றோட் ஸ்டேசனில்தான். வீட்டில் இருவருக்கும் 'மடு' என்றால் அந்த மேடை. அப்படித்தான் மச்சாள் நினைத்தார். சனத்தோடு உழவு இயந்திரத்தில் வந்து அங்கேயே இறங்கி நின்றார்.

மரியதாஸோ ஊர்ச்சனம் எல்லாம் அடைக்கலம் தேடிப் போன கோயிலில் நின்றார்.

"இரண்டாம் நாள் ஹெலிகொப்டர் வந்து சுத்தினது. எல்லாரும் விடத்தல்தீவுக் கடற்கரைப் பக்கம் ஓடினவை. என்னையும் இழுத்துக்கொண்டு போய்ப் படகில ஏத்திப்போட்டினம். மண்டபம் முகாமுக்கு வந்த ஒரு அக்கா பிறகுதான் சொன்னவ. ஸ்டேசனில ஒரு பொம்பிளை நிக்கிறாளெண்டு ஆரோ சொல்ல, இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவராம். அதுக்குப் பிறகு அவரைக் கண்ட ஆக்கள் இல்லை."

வண்டி வேகம் குறைந்தது. மஞ்சள் பலகையில் மூன்று மொழியிலும் பெயர். மச்சாள் எழுந்து பையை எடுத்தார்.

"இறங்குவமோ தம்பி? அந்த றோட்டை நான் ஒருநாளும் முழுசாப் பாக்கேல்லை."

பேசாலைக்கு எடுத்த ரிக்கற். ஆனாலும் இறங்கிவிட்டோம்.

வெளியே ஒரு ஓட்டோ நின்றது. பண்டிவிரிச்சானைச் சேர்ந்த சாரதி, போக மட்டும் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கேட்டார். நேரான வீதி, இரண்டு பக்கமும் காடு. மச்சாள் ஓட்டோவின் ஓரத்தில் இருந்து ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் நிறுத்தச் சொன்னார்.

"கொஞ்சத் தூரம் நடக்கவேணும்."

சாரதி காட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தொண்ணூறாம் ஆண்டு என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அது போதும். "நடவுங்கோ அம்மா. றோட்டை விட்டு உள்ளுக்க மட்டும் இறங்காதேங்கோ. நான் பின்னால மெல்ல வாறன்."

மச்சாள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வீதியின் நடுவே நடந்தார். தார் சுட்டிருக்கும். நான் பக்கத்தில் போகவில்லை, நாலைந்து அடி பின்னால் போனேன். ஒரு மதகுக்குக் கிட்ட வந்ததும் நின்று, காட்டுப் பக்கம் திரும்பி, "நான் ஸ்டேசனிலதான் நிண்டனான்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. பிறகு ஓட்டோவில் ஏறிவிட்டார்.

மடு என்றால் ஆழமான நீர்நிலை. ஒல்லாந்தர் காலத்தில் அடைக்கலம் தேடியவர்கள் மாதா சுரூபத்தோடு இந்தக் காட்டுக்குள் வந்தார்கள் என்பது இங்குள்ளோர் சொல்லும் வரலாறு. அதையெல்லாம் மச்சாளுக்குச் சொல்ல வைத்திருந்தேன். சொல்ல மனம் வரவில்லை.

கோயிலுக்குள் அவர் அதிக நேரம் இருக்கவில்லை. நேரே கோயில் அலுவலகமான கந்தோருக்குப் போய்ப் பூசை ஒன்று கொடுக்கவேண்டும் என்றார். மேசையில் இருந்தவர் பேனையை எடுத்தார்.

"ஆருக்கு?"

"மரியதாஸ்."

"சுகத்துக்கோ, ஆத்துமாவுக்கோ?"

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்கு: பூசையில் ஒருவருக்காக மன்றாடும்போது, அவர் உயிரோடு இருப்பவரா இறந்தவரா என்று கேட்பது வழக்கம். நாளுக்குப் பத்துத் தடவை கேட்கும் கேள்வி. மச்சாள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாய் திறக்கப் போனேன். அந்த மனிதர் கையால் என்னைத் தடுத்தார்.

"கதிரையில இருங்கோ அக்கா. அவசரமில்லை. இஞ்ச கன பேருக்கு இது கஷ்டமான கேள்விதான்."

மச்சாள் உட்கார்ந்தார். வெளியே குரங்குகள் கூரையில் ஓடும் சத்தம் கேட்டது. இந்தியாவில் வருடம் தவறாமல் சுகத்துக்குத்தான் கொடுத்து வந்ததாக அவர் சொன்னார். ஆத்துமாவுக்கு என்று கொடுத்தால், அவரைத் தானே கொன்றது போலாகிவிடுமோ என்ற பயமாம்.

"அவர் வந்தவர் ஐயா. எனக்காக வெளிக்கிட்டு வந்தவர். உயிரோட இருந்திருந்தால் மிச்சத் தூரமும் வந்திருப்பார்." கண்களைத் துடைத்துக்கொண்டார். "ஆத்துமாவுக்கு எண்டு எழுதுங்கோ."

அன்றிரவு யாத்திரிகர் விடுதியில் தங்கினோம். காலைப் பூசையில் குருவானவர் வாசித்த பெயர்களில் மரியதாஸும் ஒன்று. மற்றப் பெயர்களுக்குக் கொடுத்த அதே குரலில், அதே வேகத்தில் வாசித்தார். முழந்தாளில் நின்ற மச்சாளின் முதுகு ஒருமுறை குலுங்கியது. பிறகு எல்லோரோடும் சேர்ந்து மறுமொழி சொன்னார்.

பிற்பகல் அதே வண்டியை மடு றோட்டில் பிடித்தோம். இம்முறை மச்சாள்தான் "அந்தப் பேருகளைச் சொல்லுங்கோவன்" என்று கேட்டார். சொன்னேன். முருங்கன், முருங்கை மரத்தால் வந்தது என்று ஒரு கதை, முருகனால் வந்தது என்று இன்னொன்று. மாதோட்டம், பெருந்துறைமுகமாக இருந்த காலத்துப் பழம்பெயர். திருக்கேதீஸ்வரம், கேது வழிபட்ட ஈச்சரம். மன்னாரை மண்ணும் ஆறும் என்று பிரிப்பவர்கள் உண்டு. தோட்டவெளியில் பிரிக்க ஒன்றுமில்லை, தோட்டமும் வெளியும்தான். பேசாலையைப் பேய்ச்சாலை என்பார்கள். போர்த்துக்கேயர் மீனுக்குச் சொன்ன சொல்லிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள்.

"பேயுமில்லை, ஒண்டுமில்லை," என்றார் மச்சாள். "மீன் எண்டுறது சரியாயிருக்கும்."

பேசாலை மேடையில் இறங்கியதும் வயதான பெண் ஒருவர் மச்சாளை உற்றுப் பார்த்து, "றெஜினாவோ?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பழைய அயலவராம். இருவரும் அழுதார்கள். பிறகு அந்தப் பெண் என் தோளுக்கு மேலால் வண்டியைப் பார்த்துக் கேட்டார்: "மரியதாஸ் தம்பி வரேல்லையோ?"

"இல்லை அக்கா. அவர் மோசம் போயிட்டார்," என்றார் மச்சாள். "இண்டைக்குக் காலமைதான் ஆத்துமாவுக்குப் பூசை குடுத்தனான்."

நான் தனியே கடைசி நிலையம்வரை போனேன். தலைமன்னார் பியர். இந்தியாவுக்குப் போய்வந்த கப்பல் கட்டி நின்ற துறை. துறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே ஊர்ப்பெயராகி நிலைத்துவிட்டது. துருப்பிடித்த தூண்களையும் அலையையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நாளுக்கு ஓடும் வண்டிகள் மிகக் குறைவு, நேரத்தை முதலே விசாரித்துக்கொள்ளுங்கள். மடு றோட்டில் எப்போதும் ஓட்டோ நிற்காது, திருவிழா இல்லாத நாளில் முன்பே சொல்லி வையுங்கள். கோயிலுக்கு அடக்கமான உடுப்பு, கையில் தண்ணீர். கூட்டமாகப் போகிறவர்கள் "மடுவில் சந்திப்போம்" என்று சொல்லிப் பிரியாதீர்கள். ஸ்டேசனிலா, கோயிலிலா என்று சொல்லுங்கள். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை அங்கேயே நில்லுங்கள்.