இன்னொரு துடிப்பு

அந்தக் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கும் பிசியோதெரபி நிலையத்துக்கு வருகிறவர்கள் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்து இல்லாத வெறும் ஊசி, முடி கனம்தான் இருக்கும். இறுகிப்போன தசையில் அதை இறக்கினால் தசை ஒருமுறை வெடுக்கென்று துடிக்கும், பிறகு இளகிவிடும். பன்னிரண்டு வருடமாக அதுதான் அவள் பிழைப்பு. கைராசிக்காரி என்று பார்க்கிறவர்களெல்லாம் சொன்னால் யாருக்குத்தான் தலைக்கு ஏறாது? அவளுக்கும் ஏறித்தான் இருந்தது, ஒளிப்பானேன்.

அன்று காலை ஒரு பெயிண்டர் குப்புறப் படுத்திருந்தார். வலது தோள் பிடித்துக்கொண்டு ஒரு மாதமாகச் சரியான தூக்கமில்லை மனுஷருக்கு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள சதையை விரல்களால் கிள்ளித் தூக்கி, அதற்குள் மட்டும்தான் ஊசியை விட வேண்டும். கீழே நுரையீரல் இருக்கிறது. முதல் துடிப்பு வந்தது. இரண்டாவதும் வந்தது. அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். இன்னொன்று வந்தால் முடிச்சு முழுசாக அவிழ்ந்துவிடும் என்று ஆசை. கிள்ளிய விரல் எப்போது தளர்ந்தது என்று அவளுக்கே தெரியாது. ஊசி கொஞ்சம் அதிகமாக இறங்கியது. பெயிண்டர் இருமினார்.

சட்டென்று ஊசியை உருவினாள்.

"சூப்பர்க்கா, தோள்ல இருந்து பாரம் எறங்கின மாதிரி இருக்கு," என்று எழுந்து சட்டையை மாட்டினார். பொத்தான் போட்டு முடிப்பதற்குள் மறுபடி இரண்டு வறட்டு இருமல்.

"அண்ணே, மூச்ச நல்லா இழுங்க."

"இழுத்தா சுருக்குனு குத்துது. அது கெடக்கட்டும், ஊசி போட்டா ரெண்டு நாள் வலிக்கும்னு நீங்கதான சொல்வீங்க? நான் கெளம்புறேன், நாலாவது மாடி வெளிச்சுவரு அப்படியே நிக்குது."

உண்மைதான், வருகிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். இப்போதும் தலையாட்டினால் போதும், அவர் போய்விடுவார். அவள் பேரும் தப்பிக்கும். நாலாவது மாடி உயரத்தில், சாரத்தில் நிற்கும்போது மூச்சு அடைத்தால்? பாழாய்ப்போன பேர்! ஓடிப்போய் வாசலை மறித்தாள்.

"போகாதீங்கண்ணே. இது சதை வலி இல்ல. என் ஊசி நுரையீரல்ல பட்டிருக்கும்னு பயமா இருக்கு."

வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் பேச்சு பாதிப் பாதியாக உடைந்தது. என்ன ஆச்சு என்று டாக்டர் கேட்டதும் அவரே முந்திக்கொண்டார்.

"ஏணியில இருந்து... விழுந்துட்டேன் டாக்டர்."

சொல்லிவிட்டு, சும்மா இருங்க என்பதுபோல அவளைப் பார்த்தார். அந்தப் பொய் ஒரு நொடி அவளுக்கு இனித்தது. அதை நினைத்து அவளுக்கே கூசியது.

"விழல டாக்டர். அரை மணி நேரத்துக்கு முன்னாடி நான்தான் தோள்ல ஊசி போட்டேன். ஆழமா போயிடுச்சு."

எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் கால்வாசி சுருங்கியிருந்தது. விலாவில் குழாய் வைத்துக் காற்றை வெளியே எடுத்தார்கள். கொஞ்சம் கழித்து அவளை உள்ளே விட்டபோது, அவர் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டுப் பேசினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் குரலில் கோபமே இல்லை.

"வாசல்ல நீங்க, சதை வலிதான், போயிட்டு வாங்கன்னு சொல்லியிருந்தா, நான் நம்பிப் போயிருப்பேன்க்கா."