களவெட்டி நடுவில் ஒற்றைச் செருப்பு

நற்பிட்டிமுனை றம்லாவின் வாப்பா பளீல். உம்மாவின் வாப்பா, வயற்காரர் முகம்மது தம்பி. செத்தவரும் கொன்றவரென்று ஊர் சொன்னவரும் அவளுக்கு ஒரே வீட்டு ஆட்கள்.

எழுபதுகளில் ஒரு சூடடிப்புக் காலம். விடியும்போது முகம்மது தம்பி, நெல்லடிக்கும் களமான களவெட்டியின் நடுவே, நெற்குவியலருகில் மண்டை உடைந்து கிடந்தார். தலைமாட்டில் மருமகன் பளீலின் செருப்பு ஒன்று. முதலில் கண்டவர் முகம்மது தம்பியின் மகன் ஸிராஜ். பொலிஸ் பளீலைப் பிடித்தது; சாட்சி போதாமல் விட்டது. ஸிராஜ் விடவில்லை. கூடப்பிறந்த ராத்தாவான றம்லாவின் உம்மா வீட்டு வாசலை அதன்பிறகு அவர் மிதிக்கவேயில்லை. பளீல் அந்தப் பழியோடுதான் மௌத்தானார்.

ஸிராஜ் மாமாவின் வாயாலேயே வாப்பா கொல்லவில்லை என்று வரவேண்டும். றம்லாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். மருதமுனைச் சாரி மூட்டையைச் சுமந்து வீடு வீடாக விற்றாள். சாரியை விரித்த கையோடு கொலையையும் விரிக்கிறாள் என்று பெண்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே அறிந்ததைச் சொல்வார்கள்.

தண்ணீருக்குச் சண்டைபிடித்த பக்கத்து வயற்காரன் அன்றிரவு பாம்பு கடித்து வைத்தியர் வீட்டில் கிடந்திருக்கிறான். அவனை விட்டாள். நெல் ஏற்ற வந்த வெளியூர் லொறிக்காரன் அன்றோடு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. வராததை மட்டும் வைத்து ஒருவனைக் கொலைகாரன் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. வாப்பாவையும் அவள் தப்பவிடவில்லை. அன்று பின்னேரம் மாமனாரோடு அவர் வாய்த்தர்க்கப்பட்டு, கோபத்தில் வெறுங்காலோடு வீடு வந்தது உண்மைதான்.

போன வருடம் சொந்தக்காரி றாஹிலாவின் மகள் கலியாணம். சாப்பாடு முடிந்து, ஆண்களிடம் ஸிராஜ் அந்தக் கதையைத் தொடங்கினார். றம்லா எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள்.

"மாமா, மற்றச் செருப்பு எங்க கிடந்த?"

"களவெட்டி ஓரத்துல, எல்லார்ர செருப்போடயும். நான்தானே எடுத்துப் பொலிசுக்குக் குடுத்த. சோடி பொருந்திச்சி."

இருந்தவர்களெல்லாம் வயற்காரர்கள். செருப்போடு களவெட்டிக்குள் கால் வைப்பது நெல்லை அவமதிப்பது. எவரும் ஓரத்தில் கழற்றிவிட்டுத்தான் இறங்குவார்கள்.

"உங்கட வாப்பாட மையித்தக் கண்டு களவெட்டிக்குள்ள ஓடின நேரம் நீங்க செருப்போடயா ஓடின?"

"இல்ல மகள். கழட்டிப்போட்டுத்தான்."

"அப்ப எங்கட வாப்பா ஒண்ட ஓரத்துல கழட்டிட்டு, ஒண்ட மட்டும் மாட்டிட்டா போன?"

"நொண்டியடிச்சிப் போயிருப்பான்" என்றார் ஒரு கிழவர். யாரும் சிரிக்கவில்லை.

ஸிராஜுக்கு விளங்கியது. ஓரத்திலிருந்து ஒன்றை எடுத்துவந்து யாரோ தலைமாட்டில் போட்டிருக்கிறான். களவெட்டி வழக்கம் தெரிந்தவன் அப்படிப் போடமாட்டான். லொறிக்காரனின் பெயரை அங்கே நாலைந்து பேர் சொன்னார்கள். றம்லா சொல்லவில்லை. கொன்றவனை அல்லாஹ் அறிவான். அவளுக்கு வேண்டியது வேறு.

"பளீல் மச்சான் கொல்லல்ல" என்றார் ஸிராஜ். கலியாண வீடு முழுக்கக் கேட்கும்படி இன்னொரு முறையும் சொன்னார்.

அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் அவர் இத்தனை வருடம் மிதிக்காத றம்லாவின் வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார். றம்லா குனிந்து அந்தச் சோடியைச் சேர்த்துவைத்தாள்.

"ரெண்டும் இஞ்சதான் இரிக்கும் மாமா. பயப்படாம உள்ள வாங்க."