சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஜெபம்

சகோதர சகோதரிகளே, இங்கே சாட்சி சொல்ல எழுந்தவர்கள் இருதயம், சிறுநீரகம் என்று எத்தனையோ வியாதியிலிருந்து ஆண்டவர் தங்களை விடுவித்ததைச் சொன்னார்கள். எனக்கு வியாதி வாயில். மூன்று வருஷம் என் கூடப் பிறந்த தங்கச்சி ராசாத்தி என்னோடு பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறோம். நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாது. அவள் மிளகாய் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். ஆனால் "யக்கா" என்று ஒரு சத்தம் வராது. அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஏங்கின ஏக்கம் ஆண்டவருக்குத்தான் தெரியும்.

வண்டிப்பெரியாறுக்கும் ஏலப்பாறைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் எஸ்டேட். இரண்டு பேருக்கும் தேயிலைக் கொழுந்து எடுக்கிற வேலை. அவள் கோயிலுக்குப் போகிறவள். நான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இரட்சிக்கப்பட்டேன். அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. அவள் வீட்டுக்காரர் முத்தையாகூட, "மதினி, உங்க சாமிட்ட சொல்லி இந்த மழையக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க" என்று கிண்டல் செய்வார். தங்கமான மனுஷன்.

ஏலத்தோட்ட வேலைக்குப் போன ஜீப் கவிழ்ந்து அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து ராசாத்தி வேலைக்கு வந்த முதல் நாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் மூட்டையை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "யக்கா, தெனமும் அவருக்காக ஜெபம் பண்ணுதேன்னு சொல்லுவியே. உன் சாமி எங்க போச்சு?"

நான் அப்போதுதான் தபால் வழி வேதபாடம் முடித்து சர்டிபிகேட் வாங்கியிருந்தேன். நம்முடைய நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிற யாருக்கும் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும் என்று பேதுரு எழுதியிருக்கிறாரே, அதற்குச் சிவப்பு மையில் கோடும் போட்டிருந்தேன். ஆகா, கேட்டுவிட்டாளே என்று ஆரம்பித்தேன். ஆதாமின் பாவம், மரணம் வந்த விதம், தேவசித்தம், மனந்திரும்புதல் என்று அதிகாரம், வசனத்தோடு அரை மணி நேரம். சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது. ராசாத்தி இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனாள். மறுநாள் சூப்பர்வைசரிடம் சொல்லி கொழுந்தெடுக்க வேறு நிரைக்கு மாறிக்கொண்டாள்.

அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்ததா? விடியற்காலையில் சத்தமாக ஜெபிப்பது என் வழக்கம். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, "ஆண்டவரே, பக்கத்து வீட்டு இருளை நீக்கும், கடின இருதயத்தை உருக்கும்" என்று அவளுக்குக் கேட்கட்டும் என்றே ஜெபித்தேன். ஆண்டவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு தங்கச்சிக்குப் பிரசங்கம் பண்ணினேன். அவள் டிவியில் பக்திப் பாட்டைக் கூட்டி வைப்பாள். நான் குரலைக் கூட்டுவேன். எதிர் வீட்டு அண்ணாச்சி ஒருநாள், "ரெண்டு சாமிக்குமா காது கேக்கல?" என்று கேட்டுவிட்டார்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. அவள் மகளுக்கு வளைகாப்பு வந்தது. லயம் முழுக்கக் கூப்பிட்டாள், என்னைக் கூப்பிடவில்லை. பெரியம்மாக்காரி நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து வளையல் சத்தம் கேட்டேன். அன்றைக்கு அழுததுபோல் நான் எதற்கும் அழுததில்லை.

அழுது முடித்து வேதத்தைத் திறந்தேன். லாசரு செத்த பகுதி வந்தது. அங்கேயும் இரண்டு சகோதரிகள். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள், நீர் இருந்திருந்தால் அவன் செத்திருக்க மாட்டான் என்று. மார்த்தாளுக்கு இயேசு பதில் சொல்கிறார். மரியாளுக்குப் பதிலே சொல்லவில்லை. அவளைப் பார்த்து அழுகிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறவர் அழுகிறார்! எல்லாப் பதிலும் கையில் வைத்திருந்தவரே அழுதாரே, நான் எந்த மூலைக்கு? பேதுருவையும் திருப்பிப் பார்த்தேன். பதிலைச் சாந்தமாகச் சொல்ல வேண்டும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அந்த இடத்தில் நான் கோடு போடவில்லை.

மறுநாள் விடியற்காலை முழங்காலில் நின்றேன். கத்தாமல் அழுதுகொண்டே சொன்னேன். "முத்தையாவ ஏன்பா எடுத்தீரு? எனக்கும் தெரியலையே. எம் புள்ள ராசாத்தி ஒத்தையில கெடந்து சாவுதாளே. எனக்குப் பதில் வேண்டாம்பா, எந் தங்கச்சியத் தாரும்." அவ்வளவுதான். அன்று அவள் வீட்டில் டிவி சத்தமும் இல்லை. வெளிச்சம் வந்ததும் அவள் வாசலில் போய் நின்று, "தப்புப் பண்ணிட்டேன் ராசாத்தி" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாதங்கள் போயின. தினமும் அதே ஜெபம்தான். ஆடி மழையில் சரிவில் வழுக்கி என் கால் முறிந்தது. வீட்டில் நான் ஒருத்திதான்; என் மகள் கோயம்புத்தூரில் நர்ஸ். ஒரு வாரம் லீவு போட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். சபையார் வந்து ஜெபித்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். மாவுக்கட்டோடு அடுப்படிக்கு நகர முடியாமல் ஒருநாள் மத்தியானம் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு ராசாத்தி வந்தாள். கையில் கஞ்சி, மேலே துவையல்.

"உன் சாமி அனுப்பி ஒண்ணும் வரல. நானாத்தான் வந்தேன், தெரிஞ்சிக்கோ."

பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எலியாவுக்குக் காகம் அப்பம் கொண்டுவந்த கதை, அதிகாரத்தோடு. கஞ்சியோடு சேர்த்து விழுங்கினேன். "சரிட்டி" என்றேன்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். "அன்னைக்கு அழுதியே, கேட்டுச்சு. தெனமும் கேட்டுட்டுத்தான் இருக்கேன். எல்லாரும் விதிங்காவ, கெரகம்ங்காவ. எனக்கும் தெரியலன்னு நீ ஒருத்திதான் சொன்ன, யக்கா."

யக்கா! மூன்று வருஷம் கழித்து! நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். அவளும் அழுதாள். லயத்துக்கே கேட்டிருக்கும், கேட்கட்டும்.

கட்டுப் பிரிக்கிறவரைக்கும் என்னைக் குளிப்பாட்டித் தலை வாரிவிட்டது அவள்தான். சபைக்கு அவள் வரவில்லை. என் பக்கத்தில் அவளுக்கு ஓர் இடம் விட்டு உட்காருகிறேன். அந்த ஏக்கம் இன்னும் தீரவில்லை, மறைக்கவில்லை.

பிரியமானவர்களே, நம்முடைய விசுவாசத்துக்குப் பதில் உண்டு, அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் கேட்கிறவர் துக்கத்தில் இருந்தால் முதலில் பக்கத்தில் உட்காருங்கள். தெரியாததைத் தெரியாது என்று ஆண்டவரிடமே சொல்லி அழுங்கள். என் வாயையே திருத்தினவர் உங்களைக் கைவிடுவாரா?

போன ஞாயிறு ஜீப் ஏறும் இடம் வரைக்கும் ராசாத்தி எனக்குக் குடை பிடித்து வந்தாள். ஏறும்போது, "உன் சாமிட்ட அவுக பேரையும் ஒரு வார்த்தை சொல்லிரு" என்றாள். போய்ச் சேர்ந்தவர்களுக்காக நாம் ஜெபிப்பதில்லை. பழைய ஆளாக இருந்தால் ரோட்டிலேயே வகுப்பு எடுத்திருப்பேன். "சொல்லுதேன்ட்டி" என்றேன். பாஸ்டர் ஐயா மன்னிக்க வேண்டும், இந்தக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன்: "ஆண்டவரே, முத்தையா. ராசாத்தி சொல்லச் சொன்னா."